தெம்பனிஸ் ஈக்கோ கிரீனில் இருட்டியதும் கத்துவது எந்தப் பறவை?

சிங்கப்பூரின் தெம்பனிஸ் ஈக்கோ கிரீன் பூங்காவில் கேட்கும் ஒரு பறவைக் குரலை அடையாளம் காண முடியாமல் தவிக்கிறேன். இந்த மாதத் தொடக்கத்திலிருந்து, இரவு 7.30 மணியளவில், புல்வெளிப் பக்கம் மட்டுமே கேட்கிறது. மரங்கள் அடர்ந்த பகுதியில் இல்லை. ‘ச்வீப்’ என்று கூர்மையான ஒற்றைச் சத்தம், சில நொடி இடைவெளியில் மீண்டும் மீண்டும். பறந்துகொண்டே கத்துகிறது.

பறவைக்குரல் செயலி விடை தரவில்லை. கைபேசிப் பதிவில் பூச்சிகளின் இரைச்சலே மிஞ்சியது. நீண்டவால் பக்கி (Large-tailed Nightjar) என்ற இரவுப் பறவையின் குரல் பதிவை வீட்டில் ஒப்பிட்டேன். அது மரத்தைத் தட்டுவதுபோல ‘டொக், டொக்’ என்று கத்தும், நிச்சயமாக இது அதுவல்ல. அங்கே ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அழைக்க எனக்கு மனமில்லை. பக்கிகள் தரையில் முட்டையிடுபவை, மிரண்டு போகும். டார்ச்சும் அடிக்கவில்லை.

இது திறந்த வெளியை விரும்பும் சவானா பக்கிதானா?