புதுப்பிப்பு: அறக்கட்டளைக்கு ஆண்டு நன்கொடை இலக்கு வைத்தது

எங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு நன்கொடைத் தொகையை இலக்காக வைத்துத் தவறவிடுகிறோம், என்ன செய்யலாம் என்று 2024 ஏப்ரலில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, "தொகையை விடுங்கள், போன ஆண்டு கொடுத்தவர்களில் எத்தனை பேர் திரும்பக் கொடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள்" என்ற யோசனைதான். 84 பேரில் 60 பேர் என்று இலக்கு வைத்தோம். பணம் வந்த ஒரு வாரத்துக்குள் போன் செய்து நன்றி சொன்னோம். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எழுதிய கடிதம் அனுப்பினோம். மார்ச் முடிவில் 57 பேர் திரும்பி வந்தார்கள். வசூலும் 3.8 லட்சத்திலிருந்து 5.4 லட்சமானது. 19 பேர் யுபிஐ ஆட்டோபேயில் (கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் வரும் ஏற்பாடு) மாதம் 500 ரூபாய் தருகிறார்கள். வாடகைக் கவலை அதில்தான் தீர்ந்தது.

கலை நிகழ்ச்சியும் நடத்தினோம். அதில் வந்த பணம் மண்டப வாடகைக்கே சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: பலர் புதிய வருமான வரி முறைக்கு மாறிவிட்டதால், நன்கொடைக்கான 80ஜி வரி விலக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதற்காக யாரும் நிறுத்தவில்லை. பழைய முறையில் இருப்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். பான் எண்ணையும் அப்போதே வாங்குங்கள். நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தரும் 10பிடி படிவத்தை மே 31-க்குள் தாக்கல் செய்ய, பான் எண் தராத 11 பேரைத் தேடி அலைந்தோம்.