புதுப்பிப்பு: இரண்டு கணுக்காலிலும் பிளேட், இப்போது எப்படி இருக்கிறது

தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இரண்டு கணுக்காலும் உடைந்தது, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள், இனி பழையபடி நடப்பேனா என்று போன வருடம் இதே இழையில் புலம்பியிருந்தேன்.

நடக்கிறேன், நொண்டாமல். உடைந்த எலும்பு ஒன்றுசேர பொதுவாக 6 முதல் 12 வாரம்தான். அதன்பின் வரும் விறைப்புதான் ஆளைப் படுத்துகிறது. மாடி ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடு. மேல்படியில் நிற்கும் காலின் கணுக்கால் நன்றாக மடங்கினால்தானே அடுத்த கால் கீழே போகும்? குந்தி உட்கார்ந்தால் குதிகால் தரையில் படுவதில்லை. ஊர் வீட்டிலும் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று.

பிசியோ சொன்னதில் உருப்படியானது இது: சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுவது. முடிந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வைக்க வேண்டும். வலது பாதம் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வந்துவிட்டது. இடது இரண்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

சாயங்காலமானால் இன்னும் வீங்குகிறது, சாக்ஸ் தடம் அப்படியே பதிகிறது. பல மாதம் இப்படி இருப்பது சகஜம்தானாம்.

அப்புறம், பிளேட்டை எடுக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு இடது வெளிப்பக்கம் செருப்பு வார் உரசும் இடத்தில் ஸ்க்ரூவின் தலை கைக்குத் தட்டுப்படுகிறது. எடுத்தாலும் துளைகள் மூடும்வரை எலும்பு கொஞ்சம் பலவீனம்தான். இப்போதைக்கு வார் இல்லாத செருப்பு.