பச்சையாகவே வாடிச் சாகும் தக்காளி, உருளைக்கிழங்கு: நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ராயக்கோட்டை, தக்காளி:
காய் பிடிக்கிற நேரத்தில் திடமாக நின்ற செடி, மதியம் வெந்நீர் ஊற்றின மாதிரி தொங்கிவிடும், சாயங்காலம் கொஞ்சம் நிமிரும், அடுத்தடுத்த நாளில் அதுவும் இல்லை. இலை மஞ்சளாகக்கூட ஆகாது. எங்கள் தோட்டத்தில் போன கோடையில் வாய்க்கால் தலைப்பில்தான் முதலில் தெரிந்தது, அப்புறம் தண்ணீர் போன வழியிலேயே வரிசையாக இறங்கியது. மருந்துக்கடையில் வேர் அழுகல் என்று பூஞ்சாணக் கொல்லியைக் காட்டினார்கள். காசு கொடுக்கும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள்: வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீருக்குள் வெட்டுமுனை மூழ்குகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா. எதுவும் இறங்காமல், கீழ் இலை முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சாணம்.

பாக்டீரியா என்றால் வாடிய செடியை எழுப்புகிற மருந்து கிடையாது, இதை எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறோமோ அவ்வளவு பணம் மிச்சம். ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைப் பயிருக்கு அடிக்க 2024 ஜனவரியிலிருந்து தடையும் இருக்கிறது. நாங்கள் வாடியதை வேர்மண்ணோடு பிடுங்கி எரித்தோம், குழியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம், வாய்க்கால் பாசனத்தை விட்டு சொட்டுநீருக்கு மாறினோம். அடுத்த போகம் மக்காச்சோளம். அதற்கப்புறம் அர்கா ரக்ஷக் நட்டோம், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம், இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். அங்கங்கே ஒன்றிரண்டு வாடியது, ஆனால் வயல் நின்றது.

ஊட்டி பக்கம், உருளை:
உங்களுக்குத் தண்ணீரில் வருவது எங்களுக்கு விதைக்கிழங்கிலேயே வந்துவிடுகிறது. குளிரில் விளைந்த கிழங்கு பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே நோய் உட்கார்ந்திருக்கும், மண் சூடானதும் செடி வாடும்போதுதான் தெரியும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம், அமுக்கினால் வெள்ளையாகக் கசியும், சில கிழங்கில் கண்ணில் மண் ஒட்டிக்கொண்டு வரும். இதில் கத்தி பெரிய எதிரி. நோயுள்ள ஒரு கிழங்கை வெட்டிய கத்தி அடுத்து வெட்டுகிற கிழங்குகளுக்கும் நோயைக் கொண்டு போகும். அதனால் நாங்கள் வெட்டாமல் முழுக்கிழங்காகவே நடுகிறோம், விதைச்செலவு கூடினாலும் சரி. நடும்போது ஹெக்டேருக்கு 12 கிலோ பிளீச்சிங் பவுடரை உரத்தோடு சாலில் போடச் சொல்வது மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை, ஏக்கருக்கு ஏறத்தாழ 5 கிலோ. இடையில் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு என்று மாற்றுகிறோம். மலைச்சரிவில் இன்னொரு தொல்லை, மேல் படியில் நோய் இருந்தால் மழைத்தண்ணீர் அதைக் கீழ்ப்படிக்குக் கொண்டுவந்துவிடும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசி வடிகாலைத் தனியாக வெட்டிக்கொள்ளாவிட்டால் கீழே செய்கிற வேலை வீண்.

பாலக்காடு எல்லை, தக்காளி:
இங்கே மண்ணே புளிப்பு, வாடல் இல்லாத வயலைப் பார்ப்பது அபூர்வம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா எல்லாம் இதைத் தாங்குவதற்காகவே வந்த ரகங்கள். சந்தைக்கு வேறு ரகம்தான் வேண்டும் என்றால் சுண்டைக்காய்ச் செடியை வேர்ப்பகுதியாக வைத்து ஒட்டுக்கட்டின நாற்று நன்றாக நிற்கிறது. சுண்டை விதை மெதுவாக முளைக்கும், தக்காளிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும், மண் அணைக்கும்போது மூடிவிட்டால் தக்காளித்தண்டு தானாக வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். நாற்று விலை கூடுதல்தான், எனக்குக் கட்டுபடியானது.

ஒட்டன்சத்திரம்:
இலையில் கரும்புள்ளி விழுவதையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது சாந்தோமோனாஸ், வேறு பாக்டீரியா. ஆரம்பத்திலேயே காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் அடித்தால் பரவுவது குறையும். ராயக்கோட்டை அண்ணா, வாடல் வந்த நிலத்தில் மக்காச்சோளத்துக்குப் பதில் கடலை போடலாமா?

ராயக்கோட்டை:
வேண்டாம் தம்பி, கடலைக்கும் இது வரும். கத்தரி, மிளகாய், இஞ்சியும் வேண்டாம். தண்ணீர் இருந்தால் நெல் போடுங்கள்.