மறு: கலர் கிரேடிங் – ‘நிறத்தோய்ப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். எடுத்து முடித்த படத்தின் நிறத்தை மாற்றியமைக்கிற ‘கலர் கிரேடிங்’ வேலைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சைத் தொடர்கிறேன். ‘நிறத்தோய்ப்பு’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘வண்ணத் தரப்படுத்தல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. தரப்படுத்தல் என்றால் மாம்பழத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிற வேலை. இலங்கை நண்பர்களுக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் அதே பெயரில் வந்த 1970களின் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கைதான் ஞாபகம் வரும். கிரேடிங் செய்கிற கலரிஸ்ட் எதையும் தரம் பிரிப்பதில்லை.

அவர் பார்ப்பது இரண்டு வேலை. வெயிலில் எடுத்த ஷாட்டும் மேகம் மூடிய பிறகு எடுத்த ஷாட்டும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வந்தால் ஒட்டாமல் தெரியும், அதை ஒன்றுபோல ஆக்குவது கரெக்‌ஷன். இதற்கு ‘நிறத்திருத்தம்’ போதும். அதற்கும் மேலே போய், கதை கேட்கிற மனநிலையைப் படத்தின் நிறத்திலேயே ஏற்றுவதுதான் கிரேடிங். கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ (2000) அமெரிக்காவின் மிசிசிப்பியில் கோடையில் எடுத்தது, திரும்பிய பக்கமெல்லாம் பச்சை. கதை நடப்பதோ 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் அந்தப் பச்சையை எல்லாம் கணினியில் காய்ந்த மஞ்சளாக்கினார், புழுதியும் வறுமையும் ஒவ்வொரு இலையிலும் படிந்துவிட்டன. இலைகளில் பிழை இருந்து திருத்தவில்லையே, இதைத் திருத்தம் என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் ‘நிறத்தோய்ப்பு’ என்கிறேன். ‘சோகம் தோய்ந்த குரல்’ என்று நாம் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம், உணர்ச்சி ஊறி இறங்குவதைச் சொல்ல இந்த வினை ஏற்கெனவே பழகியது.

> எங்களூரில் உடுப்புத் தோய்ப்பது என்றால் துவைப்பது. நிறம் போய்விடாதோ?

நியாயமான கேள்வி. ஆனால் சாயத்தில் தோய்ப்பதும் அதே சொல்தான், முன்னால் ‘நிறம்’ நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வினையாக்கிப் பாருங்கள்: ‘இந்தக் காட்சியை நீலத்தில் தோய்த்திருக்கிறார்கள்.’ வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது. ‘தரப்படுத்தியிருக்கிறார்கள்’ என்றால் என்ன நிறம் என்றே தெரியாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, கேமராவுக்கு முன்னால் நடக்கும் நிற வேலையை இதோடு சேர்க்கக் கூடாது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி தன் முதல் வண்ணப் படமான ‘ரெட் டெசர்ட்’டில் (1964) மரம், புல், தள்ளுவண்டிப் பழம் வரைக்கும் பெயின்ட் அடித்தார். சாம்பல் பூத்த தொழிற்சாலை நிலத்தில் நாயகி ஜூலியானா பச்சைக் கோட்டோடு நடந்து வரும்போதே அவள் அந்த இடத்தோடு ஒட்டாதவள் என்று புரிந்துவிடுகிறது, வசனமே தேவைப்படவில்லை. உடை, சுவர், பொருள் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் இந்த வேலைக்கு ‘நிறத்திட்டம்’ என்று தனிச்சொல் வைப்போம்.

கலரிஸ்ட்டுக்கு ‘நிறத்தோய்ப்பாளர்’ சரியாக இருந்தாலும் டைட்டில் கார்டுக்கு நீளம். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.