ஆலங்கட்டி மழையில சிமெண்ட் சீட்டு ஓட்டை, அடைச்ச பிறகும் ஒழுகுது, யாராச்சும் சொல்லுங்க

பரதராமி_பையன்:
வீடு குடியாத்தம் தாண்டி பரதராமி பக்கம், இந்தாண்ட போனா சித்தூர். முன்வீடு தளம், பின்னாடி ரூமும் சமையல்கட்டும் மட்டும் சிமெண்ட் சீட்டு (தெலுங்கு கலந்த ஊரு, ரேக்குன்னுதான் சொல்லுவோம்), போட்டு 12 வருஷம் ஆகுது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல்ல பேய்க்காத்து, பத்து நிமிஷம் கழிச்சு ஆலங்கட்டி, ஒவ்வொண்ணும் கோலிகுண்டு சைஸ், மாந்தோப்புல பிஞ்செல்லாம் கொட்டிப்போச்சு அது தனிக்கதை. சீட்டுல மூணு ஓட்டை. எம்சீல் பெசஞ்சு அடைச்சுட்டேன். நேத்து மழை பேஞ்சா அந்த மூணு இடத்துலயும் சொட்டு தண்ணி இல்ல, ஆனா ஓட்டையே இல்லாத அடுப்பு மேடைக்கு மேல ஒழுகுது. மொத்த சீட்டையும் மாத்தணும்னு ஒருத்தர் சொல்றாரு. அம்மா அரிசி டிரம்முக்கு மேல குடைய விரிச்சு வச்சிருக்காங்க.

ஓட்டுவீடு:
மேல ஏறி அடைச்சீங்களா? தம்பி தயவுசெஞ்சு இனிமே ஏறாதீங்க. ஆலங்கட்டி அடிச்ச சீட்டு மேல பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும், கால வச்சா அப்படியே உள்ள போயிடும். ஏறியே ஆகணும்னா சீட்டைத் தாங்குற ரெண்டு பைப்பு மேலயும் படியிற மாதிரி நீளப் பலகை போட்டு, ஏணியைக் கட்டிட்டு, கீழ ஒரு ஆள் நிக்கணும்.

பழைய_மேஸ்திரி:
ஒழுகுற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு தேடுனா கிடைக்காதுப்பா. தண்ணி சீட்டோட அடிப்பக்கமா ஒட்டிக்கிட்டே வழிஞ்சு வந்து பைப்பு குறுக்க வர்ற இடத்துல நின்னு சொட்டும். அதனால சொட்டுற இடத்துலேர்ந்து முகட்டுப் பக்கமா பாரு. மத்தியானம் நல்ல வெயில்ல ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு இருட்டுல நின்னு அண்ணாந்து பாத்தா ஊசி முனை வெளிச்சம்கூட தெரியும், அங்க கீழேர்ந்தே சாக்பீஸ்ல வட்டம் போடு. வெளிச்சமே தெரியலன்னா ஒருத்தர் ஏணியில நின்னு ஓஸ்ல தண்ணி விடணும், கீழ் வரிசையில ஆரம்பிச்சு மெதுவா மேல போகணும், எடுத்தவுடனே மேல ஊத்துனா எல்லா இடத்துலயும் ஒழுகுற மாதிரி தெரியும்.

உன் கதையில எனக்கு சந்தேகம் ஆலங்கட்டி மேல இல்ல, அதுக்கு முன்னாடி அடிச்ச காத்து மேல. காத்து சீட்டைத் தூக்கித் தூக்கி அடிக்கும், அதுல சீட்டை பைப்போட பிடிக்கிற ஜே போல்ட் லூசாகி, தண்ணி இறங்காம அதுக்கு அடியில போடுற தார் வாஷர் பிஞ்சிருக்கும். போல்ட் சீட்டு அலையோட மேட்டுல இருக்கா பள்ளத்துலயான்னு பாரு, பள்ளத்துல அடிச்சிருந்தா தண்ணி ஓடுற வழியிலயே ஓட்டை போட்ட மாதிரி. மாத்தும்போது முறுக்கித் தள்ளாத, வாஷர் அமுங்குற அளவு போதும், அதுக்கு மேல போனா சீட்டு கீறிடும்.

பரதராமி_பையன்:
நன்றிண்ணே. லைட் ஹோல்டர் வழியாவும் தண்ணி வருது, அதுக்கு என்ன பண்றது

ஓட்டுவீடு:
அத கடைசியா சொல்றீங்களே! மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. வயர்மேன் வந்து பாத்து, நல்லா காஞ்ச பிறகு போட்டா போதும். வெளிய சர்வீஸ் வயர் தொங்குதுன்னா கிட்ட போகாம மின்வாரியத்தோட புகார் நம்பர் மின்னகம் 94987 94987க்கு அடிங்க.

பாலமநேர்_ரோடு:
உடைஞ்ச சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து விஏஓகிட்ட மனு குடுங்க. பேரிடர் நிவாரண லிஸ்ட்ல ஆலங்கட்டி மழையும் இருக்கு. 2022-26 விதிப்படி வீடு குறைஞ்சது 15 சதவீதம் சேதமாகியிருந்தா பக்கா (உறுதியா கட்டுன) வீட்டுக்கு 6,500, கச்சா (மண் சுவர் மாதிரி உறுதி குறைஞ்ச) வீட்டுக்கு 4,000 ரூபாய்னு இருந்துச்சு. மூணு ஓட்டைக்கு வருமான்னு கேட்டா கஷ்டம்தான், ஆனா பக்கத்துல நாலு வீட்டுல கூரையே போயிருந்தா சேர்ந்து போங்க. அப்புறம் அந்த சீட்டை சுத்தியல்ல நொறுக்கி தரைக்கு நிரவுற வேலை வேண்டாம், எங்க ஊர்லயும் செய்றாங்க. அது ஆஸ்பெஸ்டாஸ், தூசி நுரையீரல்ல போனா கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். தண்ணி தெளிச்சு நனைச்சு முழுசா இறக்குங்க, கட்டர் போடாதீங்க.

பரதராமி_பையன்:
அப்டேட். மேஸ்திரி அண்ணன் சொன்ன மாதிரி இருட்டுல பாத்தேன், முகட்டுகிட்ட ரெண்டு போல்ட்டைச் சுத்தி பிறை மாதிரி வெளிச்சம். ஆள் விட்டு கழட்டுனா வாஷர் அப்பளம் மாதிரி நொறுங்குது. 14 போல்ட் மாத்தியாச்சு. ஒரே ஒரு சீட்டுல மட்டும் நீளத்துக்கு கீறல் ஓடியிருக்கு, அதை அடைக்க வேண்டாம் மாத்திடலாம்னு வந்தவரே சொல்லிட்டாரு, திங்கக்கிழமை வருது. அதுவரைக்கும் அது மேல தார்ப்பாய் போட்டிருக்கேன்.

பழைய_மேஸ்திரி:
தார்ப்பாய முகட்டைத் தாண்டி அந்தப்பக்கம் ரெண்டடி இறக்கிக் கட்டு, இல்லன்னா தண்ணி மேல் ஓரத்துல பூந்து அடியில வரும். கல்லு வைக்காத, மணல் மூட்டை வை, அதையும் பைப்பு மேல.

பரதராமி_பையன்:
கல்லுதான் வச்சிருந்தேன் 😅 இப்பவே எடுத்துடறேன். அம்மா இன்னும் குடைய மடக்கல.