பாலிசேட்ஸ் பாறைச்சுவரில் எதிர்ப்பட்டவர்கள்

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், நியூ ஜெர்சிப் பக்கம், பாலிசேட்ஸ் என்ற பாறைச்சுவர் மைல் கணக்கில் நீள்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தாண்டி வடக்கே அரை மணி நேரம்கூட ஓட்ட வேண்டாம். நம்மவர்கள் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் வருடக்கணக்கில் குடியிருந்துகொண்டு, இதை எட்டிக்கூடப் பார்க்காமல் விடுமுறை வந்தால் நயாகராவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நானும் மகளும் நடப்பது ஸ்டேட் லைன் லுக்அவுட் என்ற காட்சிமுனையில் தொடங்கும் சுற்றுப்பாதை. அங்கே பாறை விளிம்பு ஆற்றுக்கு மேல் 530 அடி உயரத்தில் நிற்கிறது. மரங்களில் வழிகாட்ட இளநீலப் பட்டை அடித்த லாங் பாத் என்ற நடைபாதை வழியே வடக்கே போனால் மாநில எல்லை. 1882-இல் நட்ட எல்லைக்கல் இன்னும் இருக்கிறது. நியூயார்க் பக்கம் போய்க் கற்படிகளில் இறங்கினால் பீனட் லீப் என்ற சிற்றருவி வரும். அதன் காலடியில் பழைய இத்தாலிய பாணித் தோட்டம் ஒன்றின் தூண்கள் சிதைந்து நிற்கின்றன. அங்கிருந்து வெள்ளைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாகத் தெற்கே திரும்ப வேண்டும்.

அதுவரை கால்கள் போதும். அடுத்து வரும் ஜயன்ட் ஸ்டேர்ஸில் கைகளும் வேலை செய்தாக வேண்டும். படி என்று பெயரே தவிர, மேலிருந்து உருண்டு விழுந்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் சரிவு அது; சில பாறைகள் கார் அளவு இருக்கும். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் மணற்கல் அடுக்குகளுக்குள் புகுந்த பாறைக்குழம்பு, ஆறும்போது சுருங்கித் தூண் தூணாக வெடித்தது. அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, குளிரில் உறைந்து, தூண்களைப் பெயர்த்துத் தள்ளுகிறது. இந்த வேலை இன்னும் நின்றபாடில்லை. 2012 மே மாதம் ஸ்டேட் லைன் பக்கத்தில் பெரும் சரிவு ஒன்று நேர்ந்து, அருகிலுள்ள லாமன்ட் ஆய்வகத்தின் நிலஅதிர்வுமானியில் பதிவானது.

அந்தப் பாறைகளுக்கு நடுவே ஒரு நாள், எதிரே வந்த கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி உள்ளங்கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். இரண்டு பாறை தள்ளி ஒரு காப்பர்ஹெட் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விரியன் குடும்பத்துப் பாம்பு. காய்ந்த ஓக் இலைகளின் நிறம், உடம்பு நெடுக உடுக்கை வடிவப் பட்டைகள், செம்பு நிறத்தில் தலை. கண்முன்னே கிடந்தும், அவள் விரலை நீட்டிக் காட்டும்வரை எனக்குத் தெரியவில்லை. அது அசையவே இல்லை. மேல்பக்கமாகச் சுற்றிக் கடந்தோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு பையன்களோடு ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்து சேரும்வரை அந்தப் பெண் வெயிலில் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். போகிற போக்கில் பார்த்த முகம்தான், ஆனாலும் மறக்கவில்லை.

காப்பர்ஹெட் கடித்து ஆள் சாவது மிக அரிது. அதற்காக அலட்சியம் வேண்டாம். கண் பார்க்காத இடுக்கில் கையை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஃபாரஸ்ட் வியூ என்ற இடத்தில் சுவர்மேல் ஏறி மறுபடி லுக்அவுட்டுக்கு வந்தால் சுற்று முடிகிறது. மொத்தம் நான்கு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். அரை நாளாவது ஒதுக்குங்கள். இலையுதிர் காலத்தில் லுக்அவுட்டில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு சிலர் தெற்கே போகும் பருந்துகளை எண்ணுவார்கள். அவர்களில் வயதான ஒருவர், நாங்கள் கேட்காமலே தன் தொலைநோக்கியைக் கழற்றி என் மகள் கழுத்தில் மாட்டிவிட்டார். பொரி வல்லூறு ஒன்று எங்கள் கால்மட்டத்துக்குக் கீழே பறந்தது. வானத்துப் பறவையின் முதுகை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். டிடிடி என்ற பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, இந்தப் பாறைகளில் அந்த இனமே இல்லாமல் போயிருந்ததாம். 1972-இல் மருந்துக்குத் தடை வந்தபின் மெல்ல மெல்லத் திரும்பி, இப்போது இங்கேயே கூடு வைக்கின்றன. இதைச் சொல்லும்போதும் அந்தப் பெரியவரின் கண் வானத்தை விட்டு இறங்கவில்லை.

—

பதில்

தம்பி, பாறையில் ஏற முடியாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, மூட்டு வலியோடுதான், மேல்பாதையில் மட்டும் தெற்கே கூட்டிப்போனேன். சேலையும் ஸ்னீக்கருமாக நன்றாகவே நடந்தார்.

காட்டுக்குள் சின்னக் கோட்டை மாதிரி ஒரு கல் கட்டடம் வரும். 1929-இல் நியூ ஜெர்சி மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பைக் கௌரவிக்கக் கட்டிய நினைவுச்சின்னம். அதன் திண்ணையில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையார், எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து கதையைச் சொன்னார். 1890-களில் நியூயார்க்கின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லி வேண்டி, இந்தச் சுவரை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்களாம். எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்வரிசையில் இந்த மன்றத்துப் பெண்கள். 1900-இல் இரு மாநிலங்களும் சேர்ந்து பூங்கா ஆணையம் அமைத்தன. வங்கியாளர் ஜே. பி. மார்கன் கொடுத்த பணத்தில் பெரிய குவாரியை விலை பேசி, அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வெடிச் சத்தத்தை நிறுத்தினார்கள்.

நான் மொழிபெயர்க்க, அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். "அப்போது இவர்களுக்கு ஓட்டு உண்டா?" என்றார். இல்லை, நாடு முழுவதும் 1920-இல்தான் வந்தது என்றார் அந்த அம்மையார். அம்மா எழுந்து போய் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மையாருக்கு அது என்னவென்று விளக்கத் தேவையே இருக்கவில்லை.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் இதே சுவருக்குப் பின்னால், மரங்களுக்கு மேலே தலை நீட்டும்படி 143 அடியில் ஓர் அலுவலகக் கட்டடத் திட்டம் வந்தது. அதை எதிர்த்த அமைப்புகளில் அதே மகளிர் கூட்டமைப்பும் இருந்தது. 2015-இல் சமரசம் ஏற்பட்டு, உயரத்தை 70 அடிக்குள் குறைத்தார்கள். எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் இன்றும் மரமும் பாறையும் மட்டும் தெரிவதற்கு இவர்களும் ஒரு காரணம்.

அடுத்த முறை அம்மாவுக்குப் பருந்து காட்ட ஆசை. எப்போது வந்தால் தோதாக இருக்கும்?

—

பதில்

அக்கா, செப்டம்பர் நடுவில் கூட்டிவாருங்கள். அகன்ற சிறகுப் பருந்துகள் கூட்டம் கூட்டமாகத் தென் அமெரிக்காவுக்குக் கிளம்பும் சமயம் அது. முந்தின நாள் குளிர்காற்று இறங்கி, வடமேற்கிலிருந்து காற்று வீசினால் இன்னும் நல்லது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து விளிம்புச் சுவருக்குச் சில அடி தூரம்தான், அம்மா நடக்கவே வேண்டாம். சுவருக்கு அப்பால் மட்டும் யாரும், படம் எடுக்கக்கூட, கால் வைக்க வேண்டாம். அங்கே தவறி விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. மழை பெய்த மறுநாள் கீழ்ப்பாதை வேண்டவே வேண்டாம், அந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும். பருந்து எண்ணுகிறவர்களிடம் தயங்காமல் கேளுங்கள், தொலைநோக்கியைத் தாங்களே நீட்டுவார்கள்.