புதுப்பிப்பு: சீஸ் ஸ்கோனில் சீஸ் வாசமே வரவில்லை என்று கேட்டிருந்தேன், சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டதற்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்கோன் (ஓவனில் சுடும், பன் மாதிரியான சின்னப் பலகாரம்) மைதா ரொட்டி மாதிரி சப்பென்று, மேலே எழும்பாமலும் இருந்தது.

வேலை செய்தது ஈரோட்டு அக்கா சொன்னதுதான்: பதப்படுத்திய சீஸை விட்டுவிட்டு நன்றாக முதிர்ந்த செடார் வகை சீஸ் வாங்குங்கள், கூடவே அரை ஸ்பூன் கடுகுத்தூளும் கால் ஸ்பூன் மிளகாய்த்தூளும் போடுங்கள் என்றார். கடுகை வறுக்காமல் மிக்ஸியில் பொடித்தேன். கடுகு ருசி தனியாகத் தெரியவில்லை, சீஸ்தான் தூக்கலாக வந்தது.

அளவு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், வெண்ணெய் 60 கிராம், செடார் 125 கிராம், மோர் சுமார் 140 மில்லி. பொள்ளாச்சி வெயிலுக்கு வெண்ணெய் கையிலேயே உருகுகிறது, அதனால் ஃப்ரீசரில் கெட்டியாக்கித் துருவிப் போட்டேன், மாவைப் பிசையாமல் சேர்த்துப் பிடித்ததோடு சரி. ஒரு அங்குல கனத்தில் தட்டி, டம்ளரைத் திருகாமல் நேராக அழுத்தி வெட்டினேன். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு எழும்பாது என்று ஒரு அண்ணா சொன்னதும் உண்மைதான். ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம் சுட்டேன்.

எதிர்பார்க்காதது உப்பு. வெண்ணெயிலும் செடாரிலும் ஏற்கெனவே இருப்பதால் முதல் தடவை கரித்துவிட்டது, அடுத்த தடவை உப்பே போடவில்லை. அப்புறம் சீஸில் கொஞ்சத்தை மேலே தூவ மறக்காதீர்கள், அந்த முறுகல் அவ்வளவு அருமை.